கொளஞ்சியின் சீடர்

கொள்ளிடத்தின் தென்கரையில் நெடுங்கரை என்று ஓர் ஊர். அங்கே ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். சீடருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. குருவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. சீடர் மாமனார். குரு மருமகள்.

மாமனார் பெயர் அமிர்தலிங்கம். நாக்பூர் வரைக்கும் லாரி ஓட்டியவர். கண்ணில் புரை விழுந்தது. அறுவை செய்தும் அந்தி வெளிச்சத்தில் பார்வை மங்கியே இருந்தது. சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தார்.

மருமகள் கொளஞ்சி வடகரைப் பெண். அவளுடைய அப்பா அந்தப் பக்கத்து வயல்களுக்கெல்லாம் கிட்டி வைத்தவர். மகளுக்குக் கல்யாணம் செய்து அனுப்பியபோது குடத்தோடும் பாயோடும் ஒரு கட்டு கிட்டியையும் அனுப்பினார். அதற்கடுத்த வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கிட்டி என்பது எலி பிடிக்கிற மூங்கில் பொறி. சேற்றில் குத்தி நிறுத்த ஒரு மூங்கில் தண்டு. அதில் வளைத்துக் கட்டிய வில். வில்லோடு ஒரு சுருக்குக் கயிறு. எலி வாய் வைத்து இரையை இழுத்தால் வில் நிமிரும், சுருக்கு இறுகும். அவ்வளவுதான். பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வந்தது. நாணல் புதர்களில் இருந்த எலியெல்லாம் மேட்டைத் தேடி ஊருக்குள் ஏறியது. மார்கழி பிறந்து, சம்பா கதிர் வாங்கத் தொடங்கியபோது வயல் நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் சாய்ந்து கிடந்தது. அடித்தூரைக் கத்தி வைத்து அறுத்த மாதிரி எலி அறுத்திருந்தது.

கொளஞ்சி தினமும் பொழுது சாயும் முன்பே கிட்டிக் கட்டோடு வயலுக்குப் போனாள். விடிந்ததும் பனியில் நனைந்து திரும்பினாள். ஒற்றை ஆள். அவள் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், பொங்கலுக்குத்தான் வருவான். ஊர் வயலோ பரந்து கிடந்தது.

ஒரு நாள் காலையில் அவள் விரல்கள் விறைத்துப்போய், அடுப்பில் தீக்குச்சி கிழிக்க முடியாமல் நின்றாள். அமிர்தலிங்கம் தீக்குச்சியை வாங்கிக் கிழித்துக் கொடுத்தார்.

"எனக்கும் சொல்லிக்குடு ஆயி."

"சேத்துல எறங்கணும் மாமா."

"எறங்குறேன்."

"பனியில நிக்கணும்."

"நாக்பூர் குளிரையே பாத்தவன் நான்."

"நான் சொல்றதக் கேக்கணும்."

அந்த வீட்டில் அதுவரை அமிர்தலிங்கம் சொல்லி மற்றவர்கள்தான் கேட்டிருந்தார்கள். எழுந்துபோய் மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டார். தண்ணீர் காட்டினார். திரும்பி வந்தார்.

"கேக்குறேன்."

அவள் ஒரே ஒரு கிட்டியை அவர் கையில் கொடுத்தாள். வில்லை வளைத்தார். அது துள்ளி நிமிர்ந்து கட்டை விரலில் அடித்தது. மறுபடி வளைத்தார். மறுபடி அடித்தது. சாயங்காலத்துக்குள் விரல் வீங்கிவிட்டது. ஆனால் கிட்டி நின்றது.

"ஆச்சு. வயலுக்குப் போலாமா?"

"கண்ண மூடிக்கிட்டு வைங்க."

"எதுக்கு கண்ண மூடணும்? கண்ணுதான் கொஞ்சம் தெரியுதே."

கொளஞ்சி அவரை வயலுக்கு அழைத்துப் போனாள். அந்தி நேரம். அவர் கையைப் பிடித்து முழங்கை வரைக்கும் சேற்றுத் தண்ணீருக்குள் இறக்கினாள். கலங்கல் நீர் கையை மூடிக்கொண்டது.

"கண்ணுக்கு இங்க என்ன வேலை மாமா?"

அவர் வீட்டுக்குத் திரும்பி, மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வில்லை வளைத்தார்.

அடுத்து இரை. அமிர்தலிங்கம் கடைத்தெருவிலிருந்து கருவாடு வாங்கி வந்தார். மசால் வடையும் வாங்கி வந்தார்.

"இதுல எது வைக்கலாம்? எலிக்கு எது ரொம்பப் பிடிக்கும்?"

கொளஞ்சி வறுத்த நெல்லை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"லாரியில போகையில நீங்க எங்க மாமா சாப்புடுவீங்க?"

"நம்ம வண்டிங்க நிக்கிற ஓட்டல்ல."

"அதவிட நல்ல ஓட்டல் இருக்காதா?"

"இருக்கும். ஆனா போற வேகத்துல யாரு தேடுவா? பழகின எடத்துல எறங்குவோம், திம்போம், கிளம்புவோம்."

அவள் ஒரு பிடி நெற்பொரியை அவர் மடியில் போட்டாள். மசால் வடையை எடுத்து அவளே தின்றாள்.

முதல் நாள் அவருக்கென்று கொஞ்சம் கிட்டி பிரித்துக் கொடுத்தாள். எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எலி அறுத்துப்போட்ட வட்டத்தைத் தேடித் தேடி அதன் நடுவே குத்தி வைத்தார். விடிந்து போய்ப் பார்த்தால் வில்லெல்லாம் வளைத்தபடியே நின்றன. பொரி பொரியாகவே இருந்தது. எதிர் வரப்பில் கொளஞ்சியின் வில்கள் எல்லாம் நிமிர்ந்து கிடந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு எலி.

அவருக்குக் காது மடல் சுட்டது.

"எலி இங்கதானே அறுத்திருக்கு?"

"ஆமா மாமா."

"அப்புறம் ஏன் விழல?"

"சாப்புட்டு முடிச்ச எலையில வந்து யாராச்சும் திரும்ப உக்காருவாங்களா?"

"அப்ப இன்னிக்கு எங்க உக்காரும்னு எப்படித் தெரியும்?"

அன்று சாயங்காலம் அவள் கிட்டியே எடுக்கவில்லை. அவரைக் கூட்டிப்போய் வரப்பில் உட்கார வைத்தாள். தானும் உட்கார்ந்தாள். பனி இறங்கியது. தூரத்துக் கோயிலில் ஒலிபெருக்கி பாடி ஓய்ந்தது. அவருக்குக் கண்ணில் எல்லாம் ஒரே கருப்பாகக் கரைந்துகொண்டு வந்தது.

"என்ன பண்ணணும்?"

"சும்மா இருங்க."

சும்மா இருந்தார். தவளை. காற்று. நெற்தாள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். அப்புறம் அதற்கு நடுவே வேறொன்று. அவர் தலையைச் சாய்த்தார். இஞ்சின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொன்ன காது அது.

"அங்க," என்று கையை நீட்டினார். "அந்த வாய்க்கா மூலையில. ஒண்ணு இல்ல, ரெண்டு. கடிக்குது, நிறுத்துது, மறுபடி கடிக்குது."

கொளஞ்சிக்கு இன்னும் கேட்கவில்லை. அவள் எழுந்து அந்த மூலைக்கு நடந்தாள். பயிரை விலக்கிக் குனிந்து பார்த்தாள். அறுபட்ட தூரில் பால் இன்னும் காயவில்லை.

மறுநாள் கிட்டியைப் பிரித்தபோது பெரிய பங்கை அவர் பக்கம் தள்ளினாள்.

அதற்குப் பிறகு அமிர்தலிங்கத்தின் கிட்டிகள் நிமிரத் தொடங்கின. பிறகு எல்லாமே நிமிர்ந்தன. ஒவ்வொரு காலையிலும் எலிகளைக் கொத்தாகக் கட்டி, வாசல் வேப்பமரத்துக் கிளையில் தொங்கவிட்டார். பால் ஊற்ற வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். டீக்கடையில் அவருக்கு முதல் கிளாஸ் வந்தது. நாக்பூரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மனிதர் எலி வளை, வரப்பு, பொரி என்று பேசினார். முதுகு நிமிர்ந்தது. மீசையைச் சீவினார்.

ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"ஆயி, இப்ப நான் கிட்டிக்காரன்தானே?"

கொளஞ்சி முந்தானையை இழுத்துச் செருகினாள். "வாங்க," என்றாள்.

சொந்த வயலின் கிழக்கு ஓரத்துக்கு அழைத்துப் போனாள். அமிர்தலிங்கம் தினமும் கிட்டி வைத்து, தினமும் எலி எடுத்த இடம் அது. அங்கே பயிர் ஒரு வண்டி நிறுத்துகிற அளவுக்குச் சாய்ந்து கிடந்தது. அதை ஒட்டிப் புதிதாக இன்னொரு வட்டம்.

"தினமும் எலி விழுது," என்றார் அவர்.

"தினமும் பயிரும் விழுது."

"இன்னும் கொஞ்சம் கிட்டி சேத்து வைக்கிறேன்."

அவள் வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கே ஒரு திடல். பனையும் கோரையும் மண்டிய மேடு. மேட்டுச் சரிவில் வளைகள். ஒவ்வொரு வளை வாயிலும் புது மண் தள்ளியிருந்தது. வரப்பின் குறுக்கே எலி நடந்து நடந்து ஒரு தடமே விழுந்திருந்தது.

அமிர்தலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திடல் பக்கத்து வயல்காரர் கோதண்டத்தினுடையது. வரப்பை அரை அடி வெட்டிச் சேர்த்துக்கொண்டான் என்று இவரும், இல்லை நீதான் வெட்டினாய் என்று அவரும் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. சாவுக்குக்கூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை.

"அந்தாளு மண்ணுல நான் கால் வைக்க மாட்டேன்."

"சரி மாமா."

"நம்ம வரப்பு வரைக்கும் நம்ம பாத்துக்குவோம். அது போதும்."

"இந்த வரப்புக்காகத்தான சண்ட போட்டீங்க?"

"ஆமா."

"அது எலிக்குத் தெரியலையே மாமா."

அன்று அவருடைய மத்தியானச் சோறு அப்படியே இருந்தது. திடலுக்கு அவளே போகலாம், அவளுக்கும் கோதண்டத்துக்கும் எந்தப் பகையும் இல்லை. ஆனால் அவள் போகவில்லை. ஏன் என்று அவருக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கோதண்டத்தின் வாசலில் போய் நின்றார். கால் ரெண்டும் திரும்பிப் போ என்றன. நின்றார்.

கோதண்டம் வெளியே வந்தார். கையில் பல் குச்சி. பார்த்தார். துப்பினார்.

"என்ன?"

"உன் திடல்ல கிட்டி வைக்கணும்."

"எதுக்கு?"

"அங்கேருந்துதான் எலி எறங்குது."

"உன் வயல்லேர்ந்துதான் என் திடலுக்கு ஏறுது."

"என் எலியா?"

"பின்ன என் எலியா?"

"எலி நெத்தியில உன் பேரு என் பேரு எழுதியிருக்கா?" குரல் பழையபடி ஏறியது. அமிர்தலிங்கம் மூச்சை இழுத்து அதை இறக்கினார். "உன் பயிரும் அறுபடுது. வர்ற வழியில பாத்தேன்."

கோதண்டம் பல் குச்சியைத் தூர எறிந்தார். அது உண்மை. அவர் விஷம் வைத்துப் பார்த்திருந்தார். எலி சாகவில்லை, அவர் வீட்டு நாய் செத்தது.

"யாரு உன்ன இங்க வரச் சொன்னா?"

"யாரும் சொல்லல. எங்க குரு சொல்லாம சொன்னாங்க."

"குருவா? இந்த வயசுல எந்த மடத்துல சேந்த?"

"எங்க வீட்லயே. எங்க மருமகதான்."

கோதண்டம் வாய்விட்டுச் சிரித்தார். "மருமககிட்டப் பாடம் படிக்கிறியா?"

"ஆமா." அமிர்தலிங்கம் நிமிர்ந்துதான் நின்றார். இந்த வார்த்தையைச் சொல்லும்போது தலை குனியும் என்று எதிர்பார்த்து வந்தவர், அது குனியாமல் நின்றதைக் கண்டு தானே ஆச்சரியப்பட்டார். "வடகரை முழுக்கக் கிட்டி வச்சவரு மக. இந்த ஜில்லாவுல அவளுக்கு ஈடா ஆளு கெடையாது. நான் இன்னும் பாஸாகல. அதான் உன் வாசல்ல நிக்கிறேன்."

உள்ளேயிருந்து கோதண்டத்தின் மனைவி ஒரு சொம்பு மோரோடு வந்தாள். "இருங்கண்ணே, குடிச்சிட்டுப் போங்க," என்றாள். அவர் குடித்தார்.

"வை," என்றார் கோதண்டம். "ஆனா நானும் கூட வந்து நிப்பேன்."

"நில்லு."

அன்று சாயங்காலம் அமிர்தலிங்கம் திடலில் கிட்டி வைத்தார். கோதண்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் கையை அவிழ்த்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் கிட்டிக் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். வளை எது, பழசு எது, புதுசு எது என்று அமிர்தலிங்கம் சொல்லச் சொல்லக் கேட்டார். வரப்பைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மறுநாள் காலையில் திடல் கிட்டி ஒன்றுகூட வளைந்து நிற்கவில்லை. தூக்க ஆள் வேண்டியிருந்தது. கோதண்டம் சாக்கு கொண்டு வந்தார். அந்தப் பக்கத்து வயல்காரர்களும் வந்து, எங்கள் மேட்டிலும் வை என்று கூப்பிட்டார்கள். குருவும் சீடரும் மேற்கும் கிழக்குமாகப் பிரிந்து வைத்தார்கள். ஊர் வயல் முழுக்க ஒரு வரப்பு விடாமல் கிட்டி நின்றது.

பனி கடுமையானது. கதிர் பால் பிடித்தது.

பிறகு அமிர்தலிங்கத்தின் கிட்டியில் எலி குறைந்தது. ஒன்றிரண்டு விழுந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் ஒன்றும் இல்லை.

அவர் கிட்டிகளை எடுத்து வந்து கயிறு மாற்றினார். புது நெல் பொரித்தார். கையைச் சேற்றில் தேய்த்துக் கழுவிவிட்டு வைத்தார். விடிந்து போனால் எல்லா வில்லும் வளைந்தபடி பனி சொட்ட நின்றன. வேப்பங்கிளை வெறுமையாக இருந்தது. டீக்கடையில், "என்ன அமிர்தம், எலியெல்லாம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிடுச்சா?" என்று கேட்டார்கள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

"எலி என் கிட்டியக் கண்டுக்கிச்சு ஆயி. எங்கேயோ தப்புப் பண்றேன்."

கொளஞ்சி அவரைத் திடலுக்கு அழைத்துப் போனாள். ஒரு வளை வாயில் குந்தி உட்காரச் சொன்னாள். சூரியன் அப்போதுதான் எழுந்திருந்தது. வாயில் புது மண் இல்லை. வளையை மூடி ஒரு சிலந்தி வலை பின்னியிருந்தது. இழைக்கு இழை பனித்துளி கோத்து நின்றது.

"என்ன தெரியுது மாமா?"

"பூச்சிக்கூடு."

"ம்."

"நல்லாத்தான் கட்டியிருக்கு."

அவள் சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கும் வைங்க," என்றாள். "நாளைக்கும் வைங்க."

வைத்தார். விழவில்லை. எடுத்தார். வைத்தார்.

தை பிறக்க இரண்டு மூன்று நாள் இருக்கையில் வடகரையிலிருந்து ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார். பெயர் பூராசாமி. கொளஞ்சியின் அப்பாவுக்குச் சிநேகிதர், அந்தப் பக்கம் பெரிய விவசாயி. அமிர்தலிங்கம் வாசலில் உட்கார்ந்து, எலி விழாத கிட்டிகளுக்குக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். பூராசாமி அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு மருமகளைக் கூப்பிட்டார்.

"கொளஞ்சி, ஒன்னத்தான் தேடி வந்தேன் தாயி."

"வாங்க பெரியப்பா. உக்காருங்க."

"உக்கார நேரமில்ல. எங்க பக்கம் பின்சம்பா. இப்பத்தான் கதிர் வருது. பூரா அறுத்துப் போடுது. உங்கப்பன் போனதுலேர்ந்து ஆளில்ல. யார் யாரோ வந்து வச்சாங்க. எலி கிட்டி மேலயே ஏறிக் குந்திப் பொரியத் தின்னுட்டுப் போவுது. வர்ற வழியெல்லாம் உங்க ஊரு வயலப் பாத்துக்கிட்டே வந்தேன். பழைய வட்டத்தத் தவிர புதுசா ஒரு தூரு சாயல. ஒன் கைதான். நீ வந்து வை."

"நான் வர முடியாது பெரியப்பா. அறுப்பு முடியிற வரைக்கும் இங்க மேக்கால வயலு என் பொறுப்பு." அவள் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "எங்க மாமா வருவாங்க. கெழக்கால வயலு பூரா அவங்க வச்சதுதான்."

அமிர்தலிங்கத்தின் கையில் கயிறு நின்றது.

பூராசாமி திரும்பிப் பார்த்தார். வெள்ளை மீசையைப் பார்த்தார். வீங்கி ஆறிய கட்டை விரலைப் பார்த்தார்.

"சம்பந்தியா? லாரி ஓட்டினவருல்ல?"

"ஆமா. இப்ப கிட்டிக்காரரு. நான்தான் கத்துக்குடுத்தேன். அப்பா வச்ச வயலுக்கு வேற யாரயும் அனுப்ப மாட்டேன்."

அமிர்தலிங்கத்துக்கு எழுந்து நிற்கலாமா, உட்கார்ந்தே இருக்கலாமா என்று தெரியவில்லை. நாக்பூர் சாலையில் பாரம் ஏற்றிய வண்டியை மலையில் ஏற்றி இறக்கியபோதுகூட யாரும் அவரை இப்படிச் சொன்னதில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி," என்றார் பூராசாமி. "எங்களுக்கு இதுதான் கடைசி நம்பிக்க. இதுவும் போச்சுன்னா இந்த வருஷம் வைக்கோல்தான் மிஞ்சும். அதனால கேக்குறேன்." கொளஞ்சியைப் பார்த்தார். "நேத்து இவரு கிட்டியில எத்தன விழுந்துச்சு?"

அமிர்தலிங்கம் வாயைத் திறந்தார். திடலில் சாக்கு நிறைந்த அந்தக் காலையைச் சொல்ல நினைத்தார். ஆனால் கேட்டது நேற்றைப் பற்றி. வாயை மூடிக்கொண்டு கயிற்றைப் பார்த்தார்.

கொளஞ்சி தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

"ஒண்ணும் விழல பெரியப்பா."

"முந்தாநாளு?"

"முந்தாநாளும் விழல. அதுக்கு முந்தியும் விழல."

பூராசாமி சொம்பைக் கீழே வைத்தார்.

"அப்புறம் எத நம்பித் தாயி இவர அனுப்புற?"

"அத நம்பித்தான்."